ஆளுக்கேற்ற எழுத்துக் கட்டம்: மூளை அலையால் தமிழ் எழுதும் கருவியை ஒருவருக்குப் பழக்குவது எப்படி

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வீடு. கட்டிலில் படுத்திருந்தவர் பல வருஷம் பலசரக்குக் கடை நடத்தியவர். இயக்க நரம்பு நோய் வந்து கை, கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. கண் அசையும், இமை மூடும், அவ்வளவுதான். நான் பையிலிருந்து மின்முனைத் தொப்பியை எடுத்ததும் அவருடைய மனைவி கேட்டார்: "நீங்க வாறீயன்னு எண்ணெ வச்சு நல்லா சீவி விட்டிருக்கேன். பரவால்லயா தம்பி?"

அன்றைக்கு வேலை நடக்கவில்லை. தேங்காய் எண்ணெய் ஊறிய தலையில் எந்த ஜெல்லும் தோலைத் தொடாது. காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இந்தக் கருவியைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லோரும் எந்த அல்காரிதம் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இந்தக் கட்டுரையில் பத்து வரிதான் ஒதுக்கியிருக்கிறேன். மீதியெல்லாம் எண்ணெய், தலையணை, ஃபேன், டிவி, எழுத்துகளை அடுக்கும் வரிசை. கேலிப்ரேஷன், அதாவது கருவியை ஆளுக்குப் பழக்கும் வேலை, கெடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

கருவி என்ன செய்கிறது

திரையில் ஆறுக்கு ஆறு கட்டம், 36 அறை. வரிசைகளும் பத்திகளும் மாறி மாறிப் பளிச்சிடும். வேண்டிய எழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால், அது இருக்கும் வரிசையோ பத்தியோ பளிச்சிடும்போது மட்டும் அவர் மூளையில் ஏறத்தாழ 300 மில்லிசெகண்டு கழித்து ஒரு சின்ன மேட்டு அலை எழும். அதற்கு பி300 என்று பெயர். எதிர்பார்த்து, அபூர்வமாக வரும் ஒன்று வந்ததும் எழும் அலை இது. 1965-லேயே பதிவானது. 1988-ல் ஃபார்வெல், டோன்சின் இருவரும் இதை வைத்து எழுத்துப்பலகை செய்து காட்டினார்கள். எந்த வரிசைக்கும் எந்தப் பத்திக்கும் அலை எழுந்தது என்று பார்த்தால், இரண்டும் வெட்டும் அறையில் இருப்பதுதான் அவர் நினைத்த எழுத்து.

கேலிப்ரேஷன் என்பது இந்த அலை இந்த ஆளிடம் எப்படி இருக்கிறது என்று கருவிக்குக் காட்டுவது. ஒருவருக்கு 320-ல் வரும், இன்னொருவருக்கு 450-ல் வரும். வயது ஏற ஏறப் பிந்தும். அடுத்த வீட்டுக்காரருக்குப் பழக்கியது இவருக்கு அப்படியே உதவாது.

தொடங்கும் முன்

மூன்று கேள்விகள். வலிப்பு வந்ததுண்டா? திரை நொடிக்கு ஆறு தடவை பளிச்சிடப் போகிறது. வலிப்பு வந்தவர் என்றால் மருத்துவர் சரி சொல்லாமல் தொடாதீர்கள். கண் பார்வை எப்படி? புரை இருக்கிறதா, கண்ணாடி போட்டால் தொப்பியோடு நிற்குமா? கண்ணை ஒரே எழுத்தில் நிறுத்த முடிகிறதா? இந்தக் கட்டம் கவனத்தால் மட்டும் ஓடுவதில்லை, எழுத்தை நேராகப் பார்ப்பதும் பெரிய துணை. பார்வை நிற்காதவர்களுக்குத் துல்லியம் நன்றாகவே இறங்கும்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கண் நன்றாக அசைகிறது, களைப்பும் இல்லை என்றால், ஒரு கண்ணாடித் தாளில் எழுத்துகளை எழுதி முகத்துக்கு நேரே பிடித்து, பார்வை போகும் இடத்தைப் படிப்பதுதான் வேகமான வழி. காசும் இல்லை. மூளை அலைக் கருவி அதற்கு அடுத்த படி. இந்த அண்ணாச்சிக்குக் கண் பக்கவாட்டில் ஓடினால் ஐந்து நிமிஷத்தில் சோர்ந்துவிடும், ஆனால் ஓர் இடத்தில் நிற்கும். அதனால்தான் இதற்கு வந்தோம்.

அப்புறம், அவரிடம் கேளுங்கள். ஒரு தடவை இமை மூடினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் வேண்டாம். ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும். மனைவியும் மகனும் ஆசைப்படுவது வேறு, அவர் சம்மதிப்பது வேறு.

தலை

முதல் நாள் இரவே ஷாம்பு போட்டு அலசிவிடச் சொல்லுங்கள். கண்டிஷனர் கூடாது, காலையில் எண்ணெய் கூடாது, நெற்றியில் கிரவுண்ட் முனை வைப்பதாக இருந்தால் விபூதியும் துடைக்க வேண்டும். விபூதியைத் துடைக்கச் சொன்னால் சில வீடுகளில் முகம் மாறும். "முடிஞ்சதும் பூசிக்கிடலாம்" என்று முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

எட்டு முனை போதும். தலையில் அவை உட்காரும் இடங்களின் பெயர்கள்: எஃப்-இசட், சி-இசட், பி-இசட், ஓ-இசட், பி-3, பி-4, பிஓ-7, பிஓ-8. தையல்காரர் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து, உச்சி வழியாக, பிடரிக்கு மேல் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேடு வரை அளக்க வேண்டும். 36 சென்டிமீட்டர் வந்தால் முன்னாலிருந்து 10.8-ல் எஃப்-இசட், 18-ல் சி-இசட், 25.2-ல் பி-இசட், 32.4-ல் ஓ-இசட். காதிலிருந்து காதுக்கும் அளந்து நடுவைச் சரிபாருங்கள். தொப்பி ஒரு விரல் திரும்பியிருந்தாலும் நேற்றுப் பழக்கியது இன்றைக்குத் தடுமாறும். அளந்ததை ஒரு நோட்டில் எழுதி வீட்டிலேயே வைத்துவிடுங்கள், மறுநாள் தொப்பி மாட்டப் போவது மருமகளாக இருக்கலாம்.

மற்ற முனைகளை ஒப்பிட்டு அளக்க உதவும் ரெஃபரன்ஸ் முனையைக் காது மடலில் கிளிப்பாக மாட்டுவது வழக்கம். நம் ஊர்ப்பக்கம் இதில் ஒரு சிக்கல் உண்டு. பாம்படம் போட்டு வளர்ந்த காது உள்ள ஆச்சிகள் இன்னும் இருக்கிறார்கள். தோளைத் தொடுகிற அந்த மடலில் கிளிப் நிற்காது, ஆடும். ஆடினால் எட்டுச் சானலும் சேர்ந்து ஆடும். அவர்களுக்குக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டில் ஒட்டும் முனையை வைத்துவிடுங்கள்.

ஜெல் வைத்து ஒவ்வொரு முனையின் மின்தடையையும் பாருங்கள். 10 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது. வராத முனையில் ஜெல்லை மேலும் மேலும் ஊற்றாதீர்கள். முடியை விலக்கித் தோலை மெல்லத் தேய்த்தால் போதும். அளவுக்கு மீறி ஊற்றினால் பக்கத்து முனையோடு கலந்து இரண்டும் ஒரே சிக்னலைக் காட்டும்.

இனி தலையணை. படுத்தே இருக்கிறவருக்கு ஓ-இசட், பிஓ-7, பிஓ-8 மூன்றும் தலையணையில் அழுந்தும். மூச்சு விடும்போதெல்லாம் அலை மலையாக ஏறி இறங்கும். நான் ரொம்ப நாள் இதற்கு விலையுயர்ந்த கழுத்துத் தாங்கி தேடினேன். தீர்த்துவைத்தது மதினிதான், அண்ணாச்சியின் மனைவி. ஒரு பழைய துண்டை முறுக்கிச் சும்மாடு மாதிரிச் சுற்றித் தலைக்கு அடியில் வைத்தார். பின்மண்டை வளையத்தின் நடுவில் தொங்கியது, முனைகள் எதையும் தொடவில்லை.

அறை

முனைகளின் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் பேட்டரியில் ஓட வேண்டும், லேப்டாப்பின் சார்ஜர் கழற்றியிருக்க வேண்டும். பாதுகாப்புக்கும் அதுதான், சிக்னலுக்கும் அதுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையின் பம்ப், கட்டிலுக்கடியில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், செல்போன் சார்ஜர், பழைய இன்வெர்ட்டர். ஒரு நாள் கரண்ட் போனது. வீட்டில் எல்லோரும் அங்கலாய்த்தபோது என் திரையில் மட்டும் அலைகள் கண்ணாடி மாதிரித் தெளிந்தன. அன்றைக்குத்தான் இன்வெர்ட்டர் மேல் சந்தேகம் போய்ப் பம்ப் மேல் வந்தது. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டேதான் இருந்தது, பம்புக்குத்தான் அந்த லைனில் இணைப்பில்லை.

மூச்சுக்கருவி போன்ற உயிர்காக்கும் எதையும் அணைக்கக் கூடாது. அதன் இரைச்சலோடுதான் வேலை செய்ய வேண்டும்.

ஃபேன் வேறு வகைத் தொல்லை. காற்றில் ஒயர் ஆடும், அணைத்தால் வேர்க்கும். வேர்வை வந்தால் அலை மெதுவாக ஊர்ந்து மேலேயும் கீழேயும் போகும். சித்திரை வெயிலில் பகல் பதினொரு மணிக்கு உட்காருவது வீண். காலை ஆறரை மணிக்கு, ஃபேனை ஒன்றில் வைத்து, ஒயர்களைச் சேர்த்துப் பின்னி, தோளருகே துணி கிளிப்பால் பிடித்துவிட்டால் சரியாக வரும்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. இருபது நொடி கண்ணை மூடச் சொல்லுங்கள். பின்மண்டை முனைகளில் நொடிக்கு 8 முதல் 12 வரை அலை எழும், இதுதான் ஆல்ஃபா. சிலருக்கு இது மெலிதாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். கண் சிமிட்டினால் முன்முனையில் பெரிய குன்று தெரிய வேண்டும். இரண்டுமே தெரியாவிட்டால் முனைகளின் ஒயரை மாற்றிச் செருகியிருக்கலாம்.

கட்டத்தில் தமிழை அடுக்குவது

247 எழுத்து 36 அறையில் எப்படி அடங்கும் என்று கேட்பார்கள். உயிர் 12, மெய் 18: முதல் ஐந்து வரிசைகள் நிறைந்தன. ஆறாவது வரிசையில் ஆய்தம், இடைவெளி, அழி, மணி, வடமொழி எழுத்துகள், நிறுத்து. நமக்கென்றே அளந்து செய்தது போல இருக்கிறது. மணி என்பது ஆள் கூப்பிட. அது இல்லாமல் கட்டம் போடாதீர்கள்.

முதல் வரிசை அ முதல் ஊ வரை, இரண்டாவது எ முதல் ஔ வரை, பிறகு க், ங், ச் என்று பள்ளிக்கூடப் பலகை வரிசையிலேயே விடுங்கள். அடிக்கடி வரும் எழுத்துகளை நடுவில் வைத்தால் வேகம் கூடும் என்று ஒரு முறை மாற்றிப் பார்த்தேன். அண்ணாச்சிக்கு எழுத்தைத் தேடவே நேரம் போனது. ஒன்றாம் வகுப்பில் பதிந்த வரிசை அறுபது வயதிலும் கண்ணை நேராகக் கொண்டுபோய் விடுகிறது.

க் போட்டு ஆ போட்டால் கா. இந்தக் கணக்கில் "தாமிரபரணி"க்கு 12 தேர்வு. மெய்க்கு அகரம் தானாக ஏறும்படி, தமிழ்99 விசைப்பலகை போல வைத்தால் ஒன்பதே போதும்: த, ஆ, ம, இ, ர, ப, ர, ண, இ. ஆனால் "ல்வ" போன்ற இடத்தில் புள்ளிக்குத் தனித் தேர்வு வேண்டும், அந்த முறையில் ஆய்தத்தைப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். கணினியில் தமிழ்99 அடித்துப் பழகியவருக்கு அதைக் கொடுங்கள். விசைப்பலகையையே தொடாதவருக்குப் புள்ளி வைத்த மெய்தான் எளிது. இந்தக் கட்டுரையில் எண்ணிக்கை எல்லாம் புள்ளி முறைக்கே.

பளிச்சிடும் வேகம், நேரம்

திரை நொடிக்கு 60 ஃபிரேம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பளிச் 6 ஃபிரேம் எரிந்து 4 ஃபிரேம் அணையட்டும், மொத்தம் 10. வரிசை ஆறும் பத்தி ஆறும் ஒரு தடவை பளிச்சிட்டால் ஒரு சுற்று. 120 ஃபிரேம், சரியாக 2 நொடி. கணக்குச் சுத்தமாக இருப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நேரத்தை ஃபிரேமின் மடங்காக வைக்காவிட்டால் பளிச் சில சமயம் முன்னும் சில சமயம் பின்னும் விழும், அலை கலங்கிவிடும்.

இதில் நான் ஒரு நாள் முழுக்க ஏமாந்தேன். லேப்டாப் திரையில் பழக்கினோம், நன்றாக வந்தது. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று மறுநாள் வீட்டு டிவியில் இணைத்தேன். எதை நினைத்தாலும் வேறு எழுத்து வந்தது. மென்பொருளைத் திட்டினேன், தொப்பியைத் திட்டினேன். விஷயம் டிவியில்: படத்தை அழகுபடுத்திக் காட்ட அது எடுத்துக்கொண்ட தாமதத்தால் அலை அத்தனையும் பிந்திப்போனது. தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் கேலிப்ரேஷன் அதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். பழக்கிய பிறகு திரையை மாற்றுவதுதான் தப்பு. எந்தத் திரையில் எழுதப் போகிறாரோ அதிலேயே பழக்குங்கள். டிவியானால் கேம் மோடில் போடுங்கள்.

பழக்கும் சொற்கள்

இனிதான் கேலிப்ரேஷன். கருவி ஓர் எழுத்தைக் காட்டும், அவர் அதைப் பார்த்துக்கொண்டு அது பளிச்சிடும்போதெல்லாம் மனசுக்குள் எண்ண வேண்டும். எழுத்துக்குப் பத்துச் சுற்று, அதாவது 20 நொடி. அடுத்த எழுத்துக்குக் கண் மாற 3 நொடி. பத்துச் சுற்றில் வரிசைக்குப் பத்து, பத்திக்குப் பத்து என்று இருபது எண்ணிக்கை வரும்.

"எண்ணுங்க அண்ணாச்சி" என்றேன். பக்கத்திலிருந்த மதினி சிரித்தார். "அவுக ஒண்ணுன்னு எண்ண மாட்டாக தம்பி. லாபம், ரெண்டு, மூணுன்னுதான் எண்ணுவாக." மரக்காலில் நெல் அளந்த பழக்கம். அண்ணாச்சி ஒரு தடவை இமையை மூடினார். சரி, லாபத்திலேயே தொடங்கட்டும். எண்ணுவது எதற்கு என்றால், கவனம் நழுவாமல் இருக்க. எந்த எண்ணில் முடிகிறது என்பது முக்கியமில்லை. சிமிட்டல் வந்தால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் சிமிட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் சொல் "திருநெல்வேலி": த், இ, ர், உ, ந், எ, ல், வ், ஏ, ல், இ. பதினொரு தேர்வு, நாலே கால் நிமிஷம். இதை மட்டும் வைத்துக்கொண்டால் மூன்றாவது வரிசைக்குக் கண் போகவே இல்லை, நாலாவது பத்திக்கும் இல்லை. அதனால் ஐந்து நிமிஷம் ஓய்வு விட்டு "பாளையங்கோட்டை": ப், ஆ, ள், ஐ, ய், அ, ங், க், ஓ, ட், ட், ஐ. பன்னிரண்டு. இதில் ட் இரண்டு தடவை அடுத்தடுத்து வருகிறது. தமிழில் இது சாதாரணம். அம்மா, தண்ணி, அண்ணாச்சி எல்லாமே இப்படித்தான். முதல் ட் ஏறிவிட்டதா என்று ஆள் குழம்பி மேலே பார்ப்பார், கவனம் போய்விடும். பழக்கும்போதே இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், அதற்காகத்தான் இந்தச் சொல்.

23 எழுத்து, எழுத்துக்கு 20 என்று 460 இலக்கு அலைகள், அதாவது காட்டிய எழுத்து பளிச்சிட்டபோது பதிந்தவை, கிடைக்கும். மற்றவை 2300.

எண்ணைப் பார்க்கும் முன் அலையைப் பாருங்கள்

மென்பொருள் உடனே "87 விழுக்காடு" என்று ஏதாவது ஓர் எண்ணைக் காட்டத் துடிக்கும். கையால் மறைத்துக்கொள்ளுங்கள். முதலில் இலக்கு அலைகளின் சராசரியையும் மற்றவற்றின் சராசரியையும் ஒரே படத்தில் போடுங்கள், பளிச்சிட்ட கணத்திலிருந்து 800 மில்லிசெகண்டு வரை. வடிகட்டி 0.5 முதல் 15 ஹெர்ட்ஸ் போதும். கீழ் எல்லையை 1-க்கு மேல் ஏற்றாதீர்கள், பி300 மெதுவான அலை, அதுவே தேய்ந்துவிடும்.

சி-இசட், பி-இசட் இரண்டிலும் 300-க்கும் 500-க்கும் நடுவில் இலக்குக் கோடு மேடாக எழுகிறதா? பிஓ-7, பிஓ-8 இரண்டிலும் 200-க்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் நிம்மதியாக மேலே போகலாம். பள்ளம் மட்டும் இருந்து மேடு இல்லையென்றால், கண் பார்க்கிறது, மனசு எண்ணவில்லை. மேடு மட்டும் இருந்து பள்ளம் இல்லையென்றால் பார்வை எழுத்தில் நிற்கவில்லை, எழுத்தைப் பெரிதாக்குங்கள், திரையை 60, 70 சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு கோடும் பின்னிக்கொண்டு ஓடினால் எந்த அல்காரிதமும் காப்பாற்றாது. ஒவ்வொரு பளிச்சும் எப்போது வந்தது என்று பதியும் நேரக் குறி சரியாக விழுகிறதா என்று திரும்பிப் போய்ப் பாருங்கள்.

சொன்ன பத்து வரி இதோ. அலையை நொடிக்கு 20 புள்ளியாகக் குறைத்தால் 800 மில்லிசெகண்டுக்கு 16, எட்டு முனைக்கு 128 எண்கள். இலக்கு அலையையும் மற்றதையும் பிரித்துச் சொல்லும் எளிய கணக்குமுறை எல்.டி.ஏ. இதற்குச் சுருக்கிய எல்.டி.ஏ. நன்றாகப் போதும், பிசிஐ2000 மென்பொருளில் இருக்கும் படிப்படி எல்.டி.ஏ.-வும் போதும். ஓப்பன்வைப் போன்ற இலவச மென்பொருளிலும் செய்யலாம். சரிபார்க்கும்போது அலைகளைக் கண்டபடி கலைத்துப் பிரிக்காதீர்கள். பளிச்சுக்குப் பளிச் 167 மில்லிசெகண்டுதான், அலையோ 800. ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் கிடக்கிறது. ஒரு முழு எழுத்தை ஒதுக்கிவைத்து, மீதியில் பழக்கி, ஒதுக்கியதைச் சொல்கிறதா என்று பாருங்கள். 23 தடவை இப்படி. அப்போது வரும் எண்தான் நம்பத் தகுந்த எண்.

எத்தனை சுற்று

பழக்கும்போது பத்துச் சுற்று. எழுதும்போதும் பத்து வேண்டுமா? குறைத்தால் வேகம் என்று தோன்றும். கணக்குப் போடுவோம். ஒரு தப்பு எழுத்து விழுந்தால் அதை அழிக்க ஒரு தேர்வு, மறுபடி எழுத ஒன்று. ஆகவே நூற்றுக்கு 70 சரியாக வந்தாலும் பத்துத் தேர்வுக்கு நான்கு எழுத்துதான் மிஞ்சும். ஐந்து சுற்றில் 70 வருகிறது என்றால் தேர்வுக்கு 13 நொடி, மிஞ்சும் எழுத்துக்கு 32 நொடிக்கு மேல். எட்டுச் சுற்றில் 90 வந்தால் தேர்வுக்கு 19 நொடி, மிஞ்சும் எழுத்துக்கு 24 நொடி. பத்துச் சுற்றில் 95 என்றால் 23 நொடி, எழுத்துக்கு 25-க்குக் கொஞ்சம் மேல். எட்டில் நிற்கலாம். இந்த எண்கள் கணக்கைக் காட்ட. உங்கள் ஆளின் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஐம்பதுக்குக் கீழே போனால் எழுத எழுதக் குழிதான் ஆழமாகும். தப்பு எழுத்து விழும்போது நோயாளிக்கு ஏற்படும் எரிச்சலுக்கும் ஒரு விலை உண்டு. நான் எப்போதும் ஒரு சுற்றுக் கூடுதலாகவே வைக்கிறேன்.

பிறகு பழக்கத்தில் இல்லாத சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். "தாமிரபரணி" பன்னிரண்டில் பத்துத் தேர்வாவது சரியாக வர வேண்டும். தப்புகள் எங்கே விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வேண்டிய எழுத்துக்குப் பக்கத்து எழுத்தே வந்தால், அடுத்த வரிசையின் பளிச் கண்ணை இழுக்கிறது. இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது பக்கத்து எழுத்துகள் சேர்ந்து பளிச்சிடாத சதுரங்கப் பலகை முறைக்கு மாறுங்கள். எப்போதும் ஒரே எழுத்தே வந்தால் குறியீட்டில் கோளாறு. கடைசி நாலு எழுத்து மட்டும் கண்டபடி போனால் ஆளுக்குத் தூக்கம் வந்துவிட்டது, நிறுத்துங்கள்.

மறுநாள் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டாம். தொப்பியை நோட்டில் உள்ள அளவுப்படி மாட்டி, "அம்மா" என்று நாலு தேர்வு எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். சரியாக வந்தால் பழைய பழக்கமே ஓடட்டும்.

அவர் விருப்பத்துக்கு எழுதவிடுவது

மூன்றாம் நாள் காலை, காட்டும் எழுத்தை நிறுத்திவிட்டு, "இனி உங்க இஷ்டம் அண்ணாச்சி" என்றேன். மகன், மருமகள், மதினி, பக்கத்து வீட்டு ஆச்சி எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். முதலில் க் விழுந்தது. "கடையத்தான் கேக்காக" என்றான் மகன். அடுத்து ஆ. "காப்பி" என்றார் ஆச்சி. அடுத்து த், அப்புறம் உ. ஒன்றே கால் நிமிஷம் ஆகியிருந்தது.

காது.

கிளிப்பைக் கழற்றினேன். மடலில் இரண்டு பல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. மூன்று நாளாக அது கடித்துக்கொண்டிருந்திருக்கிறது. காதுக்குப் பின்னால் துடைத்து ஒட்டும் முனையை வைத்து, மின்தடை 6 கிலோ ஓம் என்று பார்த்து, மறுபடி "அம்மா" எழுதச் சொன்னேன். நாலும் சரியாக வந்தன.